மழைக்குத் தெரியுமா களியக்காவிளை செக்போஸ்ட்?

முதலிலேயே ஒரு டிஸ்கி: இது தமிழன் - மலையாளி சண்டைப் பதிவு அல்ல. "நெய்யாற்றின்கரை நம்முடையது" என்று கோஷம் போட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கடைசி வரை படிக்கவும். "கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுக்குக் கொடி பிடிக்கிறாயா" என்று கேட்க வருகிறவர்களுக்கும் அதே வேண்டுகோள்தான். :-)

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் கோப்பு பார்க்கிறவன். விஞ்ஞானி இல்லை. பதினாறு வருடமாக மெல்போர்ன் வாசம். ஊர், பாறசாலைக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்துக்கு வெளியே மலையாளம், சந்தையில் இரண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் இந்தப் பக்கம் ஓட்டுப் போட்டு, அந்தப் பக்கம் பெண் எடுப்பார்கள். அப்படிப்பட்ட ஊரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சொல்ல வந்ததை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க இரண்டு மாநில அரசுகளும் திட்டம் போடுகின்றன. இரண்டு திட்டமும் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகின்றன. எல்லையின் இரண்டு பக்கத்துப் பஞ்சாயத்துகளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துக் கேட்காமல் எழுதுகிற எந்தத் திட்டமும் எங்கள் ஊருக்கு வெறும் காகிதம்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கோடு போட்ட கதை

1956 நவம்பர் 1. மாநிலச் சீரமைப்புச் சட்டப்படி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்கு முன் மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான். அதை மறுபடி கிளற வரவில்லை. கோடு போட்டாயிற்று. அந்தக் கோட்டை அழிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

ஆனால் கோடு போட்டவர்கள் மழையிடமும் ஆற்றிடமும் சம்மதம் வாங்கவில்லையே!

நெய்யாறு அகத்தியமலையில் பிறந்து, 56 கிலோமீட்டர் ஓடி, பூவாரில் கடலில் விழுகிறது. அணை இருப்பது கேரளத்தில். அதன் இடதுகரைச் சானல் பாறசாலைப் பக்கமாக வந்து எல்லையைத் தாண்டி விளவங்கோடு தாலுகாவுக்குள் போகிறது. அங்கே அதை நம்பி இருந்தது சுமார் 9,200 ஏக்கர். 1960-களில் இருந்து போய்க்கொண்டிருந்த தண்ணீர் 2004-ல் நின்றது. பேச்சுவார்த்தை, கடிதம், மறுபடி பேச்சுவார்த்தை. 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான நதியே அல்ல என்பது கேரளத்தின் வாதம். சானல் என்ன ஆயிற்று? புல் முளைத்தது, குப்பை விழுந்தது, ஏலா ரப்பர் தோட்டமாகவும் வீட்டு மனையாகவும் மாறியது.

சானலில் தண்ணீர் வந்தால் கரையோரக் கிணறுகளில் ஊறும். இது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். கோடை நீளும், மழை பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும் என்று விஞ்ஞானிகள் சொல்கிற காலத்தில், கட்டி முடித்த ஒரு சானலை இருபது வருடத்துக்கு மேல் சும்மா கிடக்க விட்டிருக்கிறோம். வழக்கு நடக்கட்டும், சட்டப் பிரச்சினையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் "இந்தச் சானலில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் வந்தால் எத்தனை கிணறு பிழைக்கும்" என்று இரு பக்கத்துப் பஞ்சாயத்துகளையும் உட்கார வைத்துக் கேட்க எந்த வழக்கும் தடையில்லை. யாராவது கேட்டார்களா?

மழை பார்க்காத எல்லை

மூன்று சம்பவம் சொல்கிறேன்.

ஒன்று, 2001 நவம்பர் 9. எல்லையோர மலைக்கிராமமான அம்பூரியில் மண்சரிவு. ஏறத்தாழ நாற்பது பேர் ஒரே இரவில் போனார்கள். அந்த மலையின் மறுபக்கம் குமரி மாவட்டம்.

இரண்டு, 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் ஆட்களும் பொழியூர், விழிஞ்ஞம், பூந்துறை ஆட்களும் ஒரே கடலில்தான் இருந்தார்கள். எச்சரிக்கை வந்தபோது பலர் ஏற்கெனவே ஆழ்கடலில். காணாமல் போனவர்களின் பட்டியலை மட்டும் இரண்டு அரசுகள் இரண்டாக எடுத்தன. நீரோடிக்கும் பொழியூருக்கும் இடையே நடந்தே போகலாம்!

மூன்று, 2021 நவம்பர் 13. நெய்யாற்றின்கரை மூன்றுகல்லின்மூடு பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. பாறசாலை அருகே தண்டவாளத்தில் மண் சரிந்து நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரயில்கள் நின்றன. அதே நாட்களில் குமரி மாவட்டத்திலும் குளங்கள் உடைந்து ஊர்கள் வெள்ளத்தில். மழை ஒன்று, நிவாரணக் கணக்கு இரண்டு.

கடலோரத்தையும் பாருங்கள். கடல் அரிப்பைத் தடுக்க தமிழ்நாட்டுப் பக்கம் கல்லைக் கொட்டி தூண்டில் வளைவு கட்டுகிறார்கள். அதையே கேரளத்துக்காரர்கள் புலிமுட்டு என்பார்கள். கடலில் குறுக்கே கல் போட்டால் மணல் ஒரு பக்கம் சேரும், மறு பக்கம் அரிக்கும். அந்தப் பக்கம் கட்டியதால்தான் தங்கள் கரை போகிறது என்று பொழியூர் மீனவர்கள் புலம்புகிறார்கள். அவர்கள் சொல்வது முழுக்கச் சரியா என்று சோதித்துச் சொல்ல இரு பக்கமும் சேர்ந்து ஓர் ஆய்வு வேண்டாமா? ஒரு பக்கத்து ஊரைக் காப்பாற்றும் வேலை அடுத்த ஊரின் வீட்டுச் சுவரில் போய் முட்டினால் அதற்குப் பெயர் பாதுகாப்புத் திட்டமா?

திட்டங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை

கேரளம் 2014-லேயே காலநிலை மாற்றச் செயல்திட்டம் போட்டது. பிறகு 2023 முதல் 2030 வரைக்குமாக அதைத் திருத்தியது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு "நம்மள் நமுக்காயி" என்று ஓர் இயக்கம் நடத்தி, ஒவ்வொரு பஞ்சாயத்தையும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் எழுதச் சொன்னது. இந்தியாவில் இந்த அளவுக்குக் கீழே இறங்கிக் கேட்ட மாநிலங்கள் குறைவு. 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பதாகச் சொன்ன மாநிலம் அது. தமிழ்நாட்டிலும் 2022-ல் காலநிலை மாற்ற இயக்கம் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் இயக்கம், அதற்குக் கலெக்டர் பொறுப்பு.

இதையெல்லாம் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரண்டின் வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். கேரளத்தின் படத்தில் களியக்காவிளைக்குக் கிழக்கே வெள்ளைத்தாள். தமிழ்நாட்டுப் படத்தில் அதற்கு மேற்கே வெள்ளைத்தாள். எங்கள் தோடு அந்த வெள்ளைத்தாளில்தான் ஓடுகிறது.

அடுத்தது, "உள்ளாட்சிகளின் கருத்து கேட்கப்பட்டது" என்று ஒரு வரி எல்லா அறிக்கையிலும் வரும். அது எப்படிக் கேட்கப்படுகிறது என்று தெரிய ஊரில் இருக்கும் மாமாவிடம் போனில் பேசினேன்.

"கிராம சபைக்குப் போனியளா மாமா?"

"போவாம பின்ன? ஆனுகூல்யத்துக்குப் பேரு எழுதணும்லா. கோழிக்குஞ்சு, தென்னந்தை, வீட்டு மராமத்து... ஒப்பு போட்டுட்டு வந்தாச்சு."

"வெள்ளம், தண்ணிக்கஷ்டம் பத்தி ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டா என்னத்த மக்ளே சொல்ல? தண்ணி வாறது அந்தப் பக்கத்துத் தோட்டுலேந்து. இந்தப் பக்கத்து மெம்பரு என்ன செய்வாரு?"

மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. கேரளப் பஞ்சாயத்துச் சட்டப்படி கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும், பத்து சதவீத வாக்காளர் வரவேண்டும். வருகிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த உண்மையைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லை. "அடுத்த மாநிலத்துத் தோடு" என்று ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. திட்டப் புத்தகம் மலையாளத்தில். இளைஞர்களுக்குப் பிரச்சினையில்லை, எழுபது வயதில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது வெறும் கனமான புத்தகம். எந்தக் குளம் எந்த வருடம் உடைந்தது, எந்த ஏலாவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று தேதியோடு சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். குறைகளை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு சொல்கிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும் பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. உரிமை சட்டத்தில் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை.

அந்தப் பக்கம் பேச ஆளே இல்லை

கேரளத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நம்மவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். விடமாட்டேன்.

குமரி மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. புதுத் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்கள் கையில் கொடுத்தார்கள். கேரளத்தில் 2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து புது உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். அதாவது, அந்த டிசம்பரில் பதவியேற்ற ஒரு பஞ்சாயத்துத் தலைவர் தோட்டைப் பற்றிப் பேச அடுத்த ஊராட்சிக்குப் போயிருந்தால், அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்! ஓர் அதிகாரி இருப்பார், அவர் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பார்.

தண்ணீரைப் பகிர்வது, சுற்றுச்சூழலைக் காப்பது போன்ற பொது விஷயங்களைச் சேர்த்து மாவட்டத் திட்டம் போட ஒரு குழு வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 243 இசட்.டி. பிரிவு. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். தேர்தலே வைக்காவிட்டால் குழுவில் யார் உட்காருவது? மாநில சுயாட்சி என்று டெல்லியிடம் கேட்கிற அதே வாயால், பஞ்சாயத்து சுயாட்சியைத் தள்ளிப் போடுவதை என்னவென்று சொல்ல?

வழக்கமான மூன்று மறுப்புகள்

1. "இது நிபுணர்கள் வேலை, பஞ்சாயத்துக்காரனுக்கு என்ன தெரியும்?"

நிபுணர் வேண்டும்தான். நான் தினமும் பார்க்கிற கடன் கோப்பில் மதிப்பீட்டாளர் அறிக்கை இருக்கும். ஆனாலும் அந்த வீட்டின் பக்கத்துத் தெருக்காரருக்குத் தெரிந்த ஒன்று அதில் இருக்காது. மாநிலம் முழுவதற்குமான மழைக் கணக்கை விஞ்ஞானி சொல்வார். அடைபட்ட ஓடைக்குழாய் எது என்று வார்டு மெம்பர்தான் சொல்வார். இரண்டும் சேர்ந்தால்தான் திட்டம்.

2. "காசு கொடுத்தால் தின்று விடுவார்கள்."

மேலே இருப்பவர்கள் உபவாசமா இருக்கிறார்கள்? கண்காணிப்போடு கொடுத்தால் நடக்கும் என்பதற்கு வயநாட்டின் மீனங்காடி இருக்கிறது. 2016-ல் கார்பன் சமநிலைப் பஞ்சாயத்து ஆவோம் என்று தொடங்கினார்கள். மரம் நட்ட விவசாயிக்கு மரத்துக்கு வருடம் 50 ரூபாய் வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டாத வரை திருப்பிக் கட்ட வேண்டாம். அதற்காகக் கேரள அரசு உள்ளூர்க் கூட்டுறவு வங்கியில் 10 கோடி ரூபாய் வைப்பு வைத்தது. மரத்தை அடமானமாக வைத்துக்கொள்கிற இந்த யோசனை எந்த ஏ.சி. அறையிலும் பிறக்காது. வங்கிக்காரனாகச் சொல்கிறேன், அழகான கணக்கு அது.

3. "முதலில் நதிநீர் வழக்கு முடியட்டும்."

முடியும்வரை மழை காத்திருக்குமா? பரம்பிக்குளம் - ஆழியாறில் இதே இரண்டு மாநிலங்கள் 1970-ல் ஒப்பந்தம் போட்டு, கூட்டு ஒழுங்காற்று வாரியம் வைத்திருக்கின்றன. சண்டையும் போடுகிறார்கள், கூட்டமும் போடுகிறார்கள். அப்படி ஒன்று நெய்யாற்றுக்கு ஏன் கூடாது? இன்னொரு வேடிக்கை கேளுங்கள். எல்லைக்கோட்டைப் போட்ட அதே 1956 சட்டம்தான் மண்டலக் கவுன்சில்களையும் உருவாக்கியது. எல்லைப் பிரச்சினை, மொழிச் சிறுபான்மையினர் எல்லாம் அதன் பேசுபொருள். தென்மண்டலக் கவுன்சிலின் 30-வது கூட்டம் 2022 செப்டம்பர் 3 அன்று திருவனந்தபுரத்திலேயே நடந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்! அங்கே உட்காருவது மத்திய உள்துறை அமைச்சரும் மாநில முதல்வர்களும் அமைச்சர்களும். பஞ்சாயத்துத் தலைவருக்கு வாசலில்கூட இடமில்லை.

இங்கே எப்படி?

வெளிநாட்டில் இருக்கிறவன் என்பதால் "இங்கே பாலும் தேனும் ஓடுகிறது" என்று எழுத மாட்டேன். ஆஸ்திரேலியாவிலும் மாநிலச் சண்டை உண்டு. முர்ரே ஆற்றுத் தண்ணீருக்கு நூறு வருடமாக மல்லுக்கட்டு. ஆனால் 1915-லிருந்தே ஓர் ஒப்பந்தமும் அதற்கொரு அமைப்பும் இருந்துவருகிறது. ஆற்றின் வடகரையில் நியூ சவுத் வேல்ஸின் ஆல்பரி, தென்கரையில் விக்டோரியாவின் வொடோங்கா. நம் பாறசாலை - களியக்காவிளை மாதிரிதான். இரண்டு நகரசபைகளும் 2017-ல் "இரண்டு நகரம், ஒரே சமூகம்" என்று ஒப்பந்தம் போட்டன. இரு ஊருக்கும் சேர்த்து 2009 முதல் ஒரே சுகாதார அமைப்பு. எல்லையோர மக்களின் குறை கேட்க இரண்டு மாநிலங்களும் தனித்தனி ஆணையரை நியமித்தன. விக்டோரியா 2021-ல் ஆறு மண்டலங்களுக்குத் தனித்தனிக் காலநிலைத் திட்டம் வெளியிட்டது. ஆல்பரியும் வொடோங்காவும் கொடியை மாற்றிக்கொள்ளவில்லை, கோட்டையும் அழிக்கவில்லை. உட்கார்ந்து பேச ஒரு மேஜை போட்டார்கள், அவ்வளவுதான்.

இனி நம் பங்கு

வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களே, உங்களிடம்தான் பேசுகிறேன்.

ஊருக்கு நாம் அனுப்பும் பணம் எங்கே போகிறது? கோயிலுக்கு அலங்கார வளைவு, சர்ச்சுக்கு மணிக்கூண்டு, மிச்சத்துக்கு வீடு. அந்த வீடு எங்கே? பெரும்பாலும் ஒரு காலத்து ஏலாவில். ஆவணத்தில் "நிலம்" என்று இருந்தது "புரையிடம்" ஆன கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2008-ல் கேரளம் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்து, உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவுக்குப் பஞ்சாயத்துத் தலைவரையே தலைவராக்கியது. அந்தக் குழுவுக்கு நெருக்கடி கொடுப்பது யார்? டாலரும் திர்ஹாமும் கொண்டுபோய் மண்ணடிக்கிறவர்கள்தான். இங்கே வெள்ள அபாயப் பகுதியில் வீடு என்றால் இன்ஷூரன்ஸ் பிரீமியம் எகிறுகிறது. அந்தக் கணக்கு ஒருநாள் நம் ஊருக்கும் வரும். அப்போது ஒன்றரைக் கோடி போட்ட வீட்டுக்கு வங்கி என்ன மதிப்புப் போடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் விதி இறுகினால் பாரம் அடுத்த பக்கம் இறங்கும் என்பதும் கண்ணால் பார்ப்பதுதானே? விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் குமரி மலைப் பாறைகள் போயின. கேரளத்து மருத்துவக் கழிவு 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு லாரி வைத்துத் திருப்பி எடுத்துப் போனார்கள். செக்போஸ்ட் மனுஷனைத்தான் நிறுத்தும், பாதிப்பை நிறுத்தாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

1. பாறசாலை, காரோடு, குளத்தூர், செங்கல், வெள்ளறடை போன்ற கேரளப் பஞ்சாயத்துகளும், கொல்லங்கோடு, களியக்காவிளை, இடைக்கோடு போன்ற தமிழ்நாட்டு உள்ளாட்சிகளும் வருடம் இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், கூட்டுக் கூட்டம் நடத்த வேண்டும். தோடு, குளம், சானல், கடற்கரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே பட்டியல். அந்தப் பட்டியல் இரண்டு மாநிலத் திட்டத்திலும் அப்படியே சேர வேண்டும்.

2. தமிழ் பேசும் வார்டுகளில் திட்டச் சுருக்கம் தமிழிலும் தரப்பட வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளம் பேசும் ஊர்களுக்கு மலையாளத்திலும். நியாயம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

3. தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் பதவிக்காலம் முடியும்போதே நடக்க வேண்டும், ஒருநாள்கூடத் தள்ளாமல்.

4. ஒரு கரையில் தூண்டில் வளைவோ புலிமுட்டோ கட்டும் முன் மறு கரை ஊராட்சியின் கருத்து எழுத்தில் வாங்கப்பட வேண்டும்.

5. புயல், வெள்ள எச்சரிக்கையும் காணாமல் போனவர் பட்டியலும் கடலோர எல்லை ஊர்களுக்கு ஒன்றாக இருக்க வேண்டும்.

இதற்கு அணை கட்ட வேண்டாம், கோடிகள் வேண்டாம். ஒரு மேஜை, இருபது நாற்காலி, ஒரு மினிட்ஸ் புத்தகம் போதும். அதைத் தரத்தான் இரண்டு அரசுகளுக்கும் மனமில்லை. நாமும் கேட்கவில்லை. நவம்பர் 1 வந்தால் ஒரு கூட்டம் "விடுதலை நாள்" என்று வாழ்த்து அனுப்புகிறது, இன்னொரு கூட்டம் "கேரளப் பிறவி" வாழ்த்து அனுப்புகிறது. அதே நவம்பரில்தான் அம்பூரி, அதே நவம்பரில்தான் ஒக்கி, அதே நவம்பரில்தான் பாறசாலைத் தண்டவாளம். வாழ்த்தோடு சேர்த்து ஒரு மனுவும் அனுப்பினால் குறைந்தா போய்விடுவோம்?

இந்தக் கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகிறவர்கள், வீட்டுக்காரர்களை அடுத்த கிராம சபைக்கு ஒரே ஒரு கேள்வியோடு அனுப்பி வையுங்கள்: "நம்ம தோடு எங்கே தொடங்கி எங்கே முடியுது, அந்த ஊர்க்காரங்ககிட்ட நீங்க எப்போ பேசுனீங்க?" பதிலை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள், தமிழில் எழுதச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று பின்னூட்டத்தில் போடுங்கள். இருபது ஊர்ப் பதில் சேர்ந்தால் அதையே மனுவாக்கி திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் ஒரே நாளில் அனுப்புவோம். தட்டச்சு செய்வது, அச்செடுப்பது, தபால் செலவு என் பொறுப்பு.